ஒட்டுப் போட்ட கிண்ணம்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்து நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். அப்பா கட்டிய வீட்டை இடிக்க ஆள் பேசியாயிற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மழைக்குத் தாவிவிட்டாய். அந்த வரி மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன சனிக்கிழமை மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடமும் அப்படி ஒரு வீடுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வர்ஜீனியாவில் ராப்பஹானாக் ஆற்றங்கரையில் ஃபெர்ரி பண்ணை என்று ஓர் இடம். எதிர்க்கரையில் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரம். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பம் 1738-இல் இங்கே குடிவந்தது. அப்போது அவருக்கு ஆறு வயது. அப்பா அகஸ்டின் 1743-இல் இறந்த பிறகும் அம்மா மேரி இங்கேயேதான் இருந்தார், 1772 வரை. அப்புறம் பண்ணை கைமாறியது, வீடு பாழடைந்தது, 1830-களில் வெறும் இடிபாடு. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் அங்கேயே முகாமிட்டு, மண்ணைத் தோண்டிப் பதுங்கு குழிகள் போட்டார்கள். கடைசியில் தரைக்கு மேலே ஒன்றுமே இல்லை.

வீடு எந்த இடத்தில் இருந்தது என்பதே ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. முதலில் தோண்டிய இரண்டு இடங்களும் தவறு. அங்கேயும் வீடுகள் இருந்திருக்கின்றன, ஆனால் வாஷிங்டன் குடும்பத்துக் காலத்தவை அல்ல. மூன்றாவது இடம்தான் சரி என்று 2008-இல் அறிவித்தார்கள். ஏழு வருஷ வேலை!

வீட்டை இடித்தால் நல்ல கல்லையும் மரத்தையும் யாராவது கொண்டுபோய்விடுவார்கள். குழியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, பார். கல் வைத்துக் கட்டிய நிலவறைகள், காய்கிழங்கு சேமித்த சின்னக் குழிகள், புகைபோக்கியின் அடிப்பாகம், இவைதான் மிஞ்சியிருந்தன. மரத்தூண் மக்கிப்போனாலும் அது நின்ற இடத்தில் மண் வேறு நிறமாக இருக்கும். அந்த நிறத்தை வைத்தே சுவர் எங்கே ஓடியது என்று சொல்லிவிடுகிறார்கள். எடுத்த மண்ணையெல்லாம் சல்லடையில் சலித்ததில் லட்சக்கணக்கில் துண்டு துணுக்குகள். குண்டூசி, பொய்முடியைச் சுருட்டும் களிமண் உருளை, துப்பாக்கி ரவை என்று நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்திருக்கின்றன.

1740 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வீடு தீப்பிடித்து எரிந்துபோனதாக ஒரு கதை உண்டு. மண் வேறு மாதிரி சொல்கிறது. தீ பிடித்தது உண்மை, ஆனால் ஒரு பகுதியில் மட்டும். சரிசெய்துகொண்டு அதே வீட்டில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதையை நாம் பள்ளியில் ஒப்பித்தோமே, அது நடந்ததாகச் சொல்வதும் இங்கேதான். 1806-இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பதிப்பில்தான் அது முதலில் தலைகாட்டியது. வாத்தியாரிடம் இதைச் சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

ஆனால் செர்ரி கிடைத்திருக்கிறது, வேறு விதத்தில். விருந்தாளிகளுக்குப் பஞ்ச் என்ற பானத்தைக் கலக்கும் பெரிய கிண்ணம் ஒன்றின் துண்டுகள். வெளிர் மஞ்சள் பளபளப்பின் மேல் சிவப்புச் செர்ரிப் பழங்கள் தீட்டியிருக்கிறது. உடைந்த விளிம்பில் பழைய பசையின் தடம் இன்னும் இருக்கிறது. மேரியின் கிண்ணம். உடைந்ததை வீசாமல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பசை சூடான பானத்தைத் தாங்கியிருக்காது. அலமாரியில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மகனின் வரலாற்றை எழுதிய பலர் இந்த அம்மாவைக் குறைப்பட்டுக்கொண்டே இருந்தவர் என்றுதான் எழுதினார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் தனியாகப் பண்ணையை நடத்திய விதவை, வாசலுக்கு யார் வந்தாலும் குடும்ப கௌரவம் குறையாமல் பார்த்துக்கொண்டதற்கு எனக்கு அந்தப் பசை ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அகஸ்டின் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியலில், கட்டில் மெத்தையோடு சேர்த்து இருபது அடிமைகளையும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் பதினொரு வயது ஜார்ஜின் பங்குக்கு வந்தார்கள். அந்தக் கிண்ணத்தைக் கழுவியது யார், ஒட்டியது யார் கை என்று பட்டியலில் எழுதவில்லை.

அதே பட்டியல்தான் வீட்டைத் திரும்பக் கட்டவும் உதவியிருக்கிறது. எந்த அறையில் என்ன இருந்தது என்று அறைவாரியாக எழுதியிருந்தார்கள். தரைக்குக் கீழே இருந்ததை மண் சொன்னது, மேலே இருந்ததைக் காகிதம் சொன்னது. 2018 வாக்கில் மாதிரி வீடு எழுந்துவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் நகல் சாமான் என்பதால் தொடலாம், கட்டிலில் உட்காரலாம். முழங்கால் வலிக்கு அது பெரிய உபகாரம். மகள் கூப்பிடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அதனால் ஒரு வேலை செய். ஆள் வருவதற்குள் ஒரு பெரிய தாளை எடுத்து, எந்த அறை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம், அப்பாவின் மேஜை எந்த மூலையில் என்று வரைந்து, அடிக்கணக்கையும் குறித்து வை. கண் இன்னும் தெளியவில்லை என்றால் நீ சொல்லச் சொல்லப் பேரனை எழுதச் சொல். ஒரு பிரதி எனக்கு அனுப்பு. பின்கட்டில் நாம் இரண்டு பேரும் படித்த அறையை மறந்துவிடாதே, அதற்குக் கதவு இடது பக்கமா வலது பக்கமா என்று மூன்று நாளாக யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்