பிரெயில் டிஸ்பிளே வாங்கும் செலவு யார் கணக்கில்?

நிறுவனங்களில் நிதி, கொள்முதல், மனிதவளப் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ஒப்பந்த ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், சேர்ந்த முதல் வாரமே பிரெயில் டிஸ்பிளே, அதாவது கணினித் திரையில் உள்ள எழுத்தை விரலால் வாசிக்கப் புள்ளிகளாக எழுப்பும் கருவி, வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது மேசைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. தகுதிகாண் பருவமோ ஆறு மாதம். “வேலை சுத்தம், வேகம் போதாது” என்று அதற்குள் என் கோப்பில் ஏறிவிட்டது.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. என் துறைத் தலைவர் நல்ல மனிதர். கருவியின் விலையைப் பார்த்தார். அந்த ஆண்டு தன் துறைக்கு ஒதுக்கிய பணத்தைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இந்த மடல் அந்த இழுப்பறையைப் பற்றியது.

“கணினிதான் பேசுகிறதே, இது எதற்கு?” என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். ஆமாம், பேசுகிறது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்களுக்கு வரும் ஒப்பந்தத்தை யாராவது வாய்விட்டு வாசிக்க, நீங்கள் கேட்டுவிட்டு மட்டும் கையெழுத்துப் போடுவீர்களா? காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே மூடுகிறது, தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை சுழியம் என்பதெல்லாம் காதில் நிற்காது. ஒவ்வொரு குறியையும் சொல்லச் சொல்லி அமைக்கலாம். அப்படிச் செய்தால் வாக்கியத்தின் பொருள் காணாமல் போய்விடும். தமிழில் இன்னும் சிக்கல். ‘கரை’யும் ‘கறை’யும் கணினிக் குரலில் ஒன்றுபோலவே கடந்து போகும். விரலுக்கு அவை இரண்டு வேறு எழுத்துகள். வெறுமனே கேட்டே படித்து வளர்ந்த பார்வையற்றவர்கள் எழுத்துப்பிழை விட்டால் அதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. அந்தச் சொல்லை அவர்கள் ‘பார்த்ததே’ இல்லை.

அப்புறம் தொலைபேசி. ஒரு காதில் வாடிக்கையாளர், இன்னொரு காதில் கணினி, இரண்டுக்கும் நடுவில் நான். கூட்டங்களிலும் இதே கதைதான். டிஸ்பிளே வந்தபின் காது பேசுபவருக்கு, விரல் குறிப்புகளுக்கு. பார்வையோடு செவித்திறனும் இல்லாத ஊழியருக்குத் திரையில் இருப்பதைத் தானே வாசிக்க வேறு வழியே கிடையாது.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக: விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் ஒரு தட்டையான பெட்டி. அதில் ஒரே வரிசையாக 20, 40 அல்லது 80 செல்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு பிரெயில் எழுத்தைக் காட்டும் சிறு கட்டங்கள். காகிதப் பிரெயிலில் ஓர் எழுத்துக்கு 6 புள்ளிகள்தான், இங்கே 8. கூடுதலாக உள்ள இரண்டும் கர்சர் நிற்கும் இடம் போன்றவற்றைக் காட்டும். திரையில் இருக்கும் வரி புள்ளிகளாக எழும்பி, படித்து முடித்ததும் அமுங்கி, அடுத்த துண்டு எழும்பும். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு செல்லுக்கும் மேல் ஒரு சிறு பொத்தான் உண்டு. பிழையைக் கண்ட இடத்தில் அதை அழுத்தினால் கர்சர் நேராக அந்த எழுத்துக்கே வந்து நிற்கும். என் வேலையில் நேரம் மிச்சமாவது முக்கியமாக இதில்தான்.

ஏன் இவ்வளவு விலை? 40 செல் என்றால் 320 புள்ளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேலே தள்ள மின்னழுத்தம் பட்டால் வளையும் ஒரு பீங்கான் பட்டை வேண்டும். இந்தச் செல்களைச் செய்து தரும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, வாங்குவோரும் குறைவு. அதனால் ஒரு நல்ல மடிக்கணினியின் விலையைவிடச் சில மடங்கு அதிகம். வேறு நுட்பத்தில் செய்து விலையைக் குறைத்த ஆர்பிட் ரீடர் 20 போன்றவை வந்திருக்கின்றன, நல்ல விஷயம்தான். வாசிக்க எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதில் நான் சொன்ன கர்சர் பொத்தான்கள் இல்லை, புள்ளிகள் மாறவும் சற்று நேரமாகும். நாள் முழுக்கத் திருத்துகிறவருக்கு அது போதாது. ஆகவே எது மலிவு என்று நீங்களே முடிவு செய்து வாங்கிவிடாதீர்கள். பயன்படுத்தப் போகிறவரைக் கேளுங்கள், முடிந்தால் சில நாள் தொட்டுப் பார்க்கவும் விடுங்கள்.

இப்போது இழுப்பறைக்கு வருகிறேன். கட்டடத்துக்கு மின்தூக்கி போடும்போது அதன் செலவை மாடியில் உட்காரும் துறையின் தலையில் கட்டுகிறோமா? இல்லை. ஆனால் பிரெயில் டிஸ்பிளே மட்டும் அந்த ஊழியர் இருக்கும் துறையின் செலவாக ஏறுகிறது. உடனே அவர் ‘செலவு பிடிக்கும் ஆள்’ ஆகிவிடுகிறார். அடுத்த முறை இரண்டு விண்ணப்பங்கள் மேசைக்கு வரும்போது அந்தத் துறைத் தலைவர் என்ன நினைப்பார் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். இதற்கு நிறுவனத்தின் பொதுக் கணக்கில் ஒரு தொகை ஒதுக்குங்கள். துறைத் தலைவருக்கு விலையே தெரிய வேண்டாம். இது சலுகையும் அல்ல: 2006-இல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, பணியிடத்தில் நியாயமான தகவமைப்புகளைச் செய்து தருவதைத் தன் 27-ஆம் பிரிவில் சொல்கிறது, அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது 2-ஆம் பிரிவு.

பழுதுபார்ப்புக்கும் அதே கணக்கில் இடம் வையுங்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்தால் புள்ளிகள் சிக்கிக்கொள்ளும். கை கழுவாமல் நான் அதைத் தொடுவதில்லை, அப்படியும் சிக்கும். ஒரு புள்ளி எழாவிட்டால் ஓர் எழுத்து வேறொன்றாகிவிடும், எண்ணிலும் அப்படியே. அனுப்பித் திரும்பி வர வாரக்கணக்கு ஆகலாம். அதுவரைக்கும் மாற்றுக் கருவி தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவையும் முன்கூட்டியே அழைத்துவிடுங்கள். ஏழு மாதம் காத்திருந்து வந்த என் கருவி, யுஎஸ்பி துளைகள் பூட்டப்பட்டிருந்ததால் மேலும் ஒன்பது நாள் பெட்டியிலேயே கிடந்தது. பிரெயில் டிஸ்பிளேக்களுக்கென்று 2018-இல் பொதுவான யுஎஸ்பி தரம் ஒன்று வெளியானது. அதை ஏற்கும் கருவி என்றால் கணினிக்கு அதை அறிமுகப்படுத்தும் தனி டிரைவர் மென்பொருளைத் தேடும் வேலை பெரும்பாலும் இருக்காது. இன்னொன்று: ஆவணத்தை வெறும் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்பிளேயிலும் அதை அப்படியே வாசிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. நான் விலகியபோது கருவியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். நிறுவனத்தின் சொத்து, சரிதான். ஆனால் அங்கே பிரெயில் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. தேய்மானம் போக மிஞ்சும் மதிப்புக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன், புதிய நிறுவனத்துக்கு விற்றாலும் சரி என்றேன். அதற்கு விதியில்லை என்றார்கள். அந்த விதியை எழுதும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பார்வையற்ற ஒருவருக்குப் பணி ஆணை அனுப்பும் அன்றே அவருக்கான கருவிக்கும் ஆணை கொடுங்கள். அவர் போகும்போது அதுவும் கூடவே போக ஒரு வழி எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒப்பந்தங்களை விரலால் வாசிக்கும் ஒருவன்