விடுதியைத் திறந்து கொடுங்கள், அம்மா

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்து எழுதுகிறேன். போன மாதம் மகளிர் தின விழாவுக்கு எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்திருந்தீர்கள். சகோதரி சுப்பலட்சுமியின் படத்துக்கு மாலை போட்டு, அவரைப் பற்றி அரை மணி நேரம் பேசினீர்கள். பெற்றோர் வரிசையில் நானும் இருந்தேன். நன்றாகத்தான் பேசினீர்கள். ஆனால் என் கண் சன்னலுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் விடுதி, கூரையும் கழிப்பறையும் பழுதாகி, இரண்டு மழைக்காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. விவரம் உங்களுக்குத் தெரியும். விழா முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்டேன். முறைப்படி மனு கொடுக்கச் சொன்னீர்கள். 3 மனு கொடுத்தாயிற்று அம்மா. நான்காவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுப்பலட்சுமி 11 வயதில் மணமாகி, சீக்கிரமே கணவரை இழந்தவர் என்றீர்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை என்றீர்கள். சாரதா வித்யாலயா பெண்கள் பள்ளியைத் தொடங்கியதையும் சொன்னீர்கள். அதற்கு முன்னால் 1912இல், எழும்பூரில் தன் அப்பா வீட்டில் 4 பெண்பிள்ளைகளைத் தங்கவைத்தாரே, அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. படி படி என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பெண் ராத்திரி எங்கே படுப்பாள், யார் சோறு போடுவார்கள் என்று யோசித்திருக்கிறார். இடம் போதாமல் போனபோது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கே இல்லத்தை மாற்றினார். பனிக்கட்டி அடுக்கி வைக்கக் கட்டிய கட்டடத்தில் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அது பிராமண விதவைகளுக்கான இல்லம். என் பாட்டி போன்றவர்களுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் தங்க இடம் இல்லாமல் பெண் படிக்க முடியாது என்று அவர் புரிந்துகொண்டது எங்கள் லயத்துக்கும் பொருந்துகிறது.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் பஸ் அவளை ரோட்டில் இறக்கிவிடும்போது இருட்டிவிடும். அங்கிருந்து 3 கிலோமீட்டர் தேயிலைக்குள் நடை. எந்த வளைவில் யானை நிற்கும் என்று சொல்ல முடியாது. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. அதனால் நான் கொழுந்து நிறுக்கும் வரை நிற்காமல் டார்ச்சோடு ஓடுகிறேன். என் கொழுந்தை வேறொருத்தி நிறுத்துப் போடுகிறாள். எடை குறைந்தால் கேட்க முடியாது.

அடுத்த டிவிஷனில் இவள் வகுப்புப் பெண் ஒருத்தி. டார்ச் பிடித்து வர அவளுக்கு ஆள் இல்லை. அம்மா இறந்துவிட்டாள், அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். கார்த்திகையில் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததும் எதிரே யானை. திரும்பி ஓடி, ரோட்டோரக் கடைக்குள் இரவு 9 மணி வரை ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மகளின் நோட்டை வாங்கி, அந்த வாரப் பாடம் முழுவதையும் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஒவ்வொரு நாள் பாடத்துக்கும் தேதி போடுகிறாள், வகுப்பில் உட்கார்ந்து எழுதியது மாதிரி. அந்த நோட்டை நீங்கள் ஒரு தரம் பார்க்க வேண்டும் அம்மா. பார்த்துவிட்டு விடுதியைத் திறந்து கொடுங்கள்.

என் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து கப்பலில் வந்தவள். இந்த மலையில் தேயிலை நட்டவள். கைநாட்டு. அம்மா மூன்றாவது வரை, நான் எட்டாவது வரை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடையாது. சீசன் வந்தால் சுற்றுலாக்காரர்கள் போகிற ரோட்டுக்கு மட்டும் தார் வருகிறது. எங்கள் பிள்ளைகள் நடக்கிற பாதைக்கு ஒரு விளக்கு கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். இதெல்லாம் யார் செய்ய வேண்டிய வேலை?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். இதெல்லாம் உங்கள் துறை இல்லை என்று எனக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கூரையையும் 2 கழிப்பறையையும் சரிசெய்தால் போதும் என்று பார்க்க வந்த இன்ஜினியரே சொல்லிவிட்டுப் போனார். ஜூனில் மழை பிடித்துவிட்டால் இங்கே எந்த வேலையும் நடக்காது. அதற்குள் வேலையை முடித்து, ஒரு பெண் காப்பாளரைப் போட்டு, விடுதியைத் திறந்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். பெருக்கித் துடைக்க, சுண்ணாம்பு அடிக்க லயத்துப் பெண்கள் வருகிறோம் என்று பேசி வைத்திருக்கிறோம். திறக்கிற அன்று அந்தப் பெண்ணை நானே கூட்டி வருகிறேன். நோட்டோடு வருவாள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்,
தோட்டத் தொழிலாளி