திங்கட்கிழமை டிபன் பாக்ஸும் மீந்த மாத்திரையும்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டியிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். மிக்க மகிழ்ச்சி.

இன்னொன்றும் உங்களிடம் பேச வேண்டும். ஒரு திங்கட்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் முந்தின நாள் கோழிக்குழம்பைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். மறுநாள் நாலு பேருக்கும் வயிற்றுப்போக்கு. அதில் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாதி அட்டை மாத்திரையை எடுத்து மற்றவர்களுக்கு நீட்டினான். "தங்கச்சிக்கு வாங்குனதுல மிச்சம் சார், அம்மா குடுத்துவுட்டாங்க." அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்பதற்குத்தான் அந்தக் கோடு. அது கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை.

விசாரித்தபோது, "நாட்டுக்கோழிதான் சார், பிராய்லர் இல்ல" என்றார்கள். நாட்டுக்கோழிக்கு மருந்து போடுவதில்லை என்ற அந்த நம்பிக்கை எனக்குப் புரிகிறது. பண்ணையில் கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அதற்குத் தப்பிப் பிழைத்த கிருமிதான் பெருகுகிறது. உயிர் போகும் நிலையில் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையில் எடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையே கோழித் தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. மருந்தே போடாத ஆர்கானிக் கோழியில் இப்படிப்பட்ட கிருமி பொதுவாகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி எந்தக் கோழியின் குடலிலும் இருக்கலாம். கறிக்கடையில் பிராய்லரை வெட்டிய அதே கட்டை, அதே கத்தி, அதே வாளித் தண்ணீரில்தானே நாட்டுக்கோழியும் வருகிறது?

பயந்து கறியை விட வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமியும் கொதிக்கு அடங்கிவிடும். எலும்போரம் சிவப்பு தெரியாமல் வேகட்டும். குழாயடியில் பச்சைக் கறியை அலசினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்துப் பாத்திரமெல்லாம் கிருமி ஒட்டும். கறி நறுக்கிய கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயத்தில் வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க அடுப்படியில் வெளியே இருந்த குழம்பைப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். டாக்டர் சீட்டில்லாத மாத்திரை இனி எந்தப் பையில் இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். பெற்றோர் நேரில் வந்த பிறகுதான் பிள்ளை வகுப்புக்குப் போகும். மீந்த மாத்திரையை அரைகுறையாக விழுங்க வைத்தால், பண்ணையில் நடப்பதையே நம் பிள்ளை வயிற்றிலும் நடத்துகிறோம். வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

அன்று வேலையை விட்டுவிட்டு ஓடி வந்த தாய்மார்களை மறக்க மாட்டேன். அதில் ஒருவர் வீட்டிலிருந்த மீதி அட்டைகளையும் மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்