மேகக்காட்டுக்கு முதல் பயணமா? வெயிலை நம்பித் திட்டமிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெப்பமண்டல மேகக்காடுகளைப் பற்றிப் பயணப் பக்கங்களில் எழுதும்போதெல்லாம் பளிச்சென்று வெயிலடிக்கும் மலைமுகட்டின் படம்தான் கூடவே வருகிறது. அதைப் பார்த்து முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் ஒரு பகல், ஒரு காட்சிமுனை என்று கணக்குப் போடுகிறார்கள். போய் நின்றால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. ஏமாந்து திரும்புகிறார்கள். மேகம் வராவிட்டால் அந்தக் காடே நிலைக்காது என்பதையும், அதற்கேற்பத் திட்டமிட வேண்டும் என்பதையும் யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறிக் குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அந்த ஈரம் மேகமாகித் தரையோடு தரையாகத் தவழ்கிறது. பெரும்பாலான மலைத்தொடர்களில் இந்தப் பட்டை சுமார் 1,000 மீட்டரிலிருந்து 3,000 மீட்டருக்குள் இருக்கும். கடலோரத் தனிமலைகளிலும் சிறு தீவுகளிலும் இன்னும் கீழே இறங்கிவிடும். இலை, பாசி, பெரணி, ஆர்கிட் என்று கிளையெங்கும் அப்பியிருப்பவை மேகத்துளிகளைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. சாதாரண மழைமானி இந்த நீரைச் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே மாதவாரி மழையளவை மட்டும் பார்த்து நாள் குறித்தால் தவறிவிடும். கோஸ்டாரிகாவின் மான்டெவெர்டேயில் மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. டிசம்பர், ஜனவரியில் மழை குறைவுதான். ஆனால் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று பலமாக வீசி மேகத்தைக் கிடைமட்டமாக முகத்தில் அடிக்கும். ஓரளவு உலர்ந்த நாள்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். குவெட்சால் பறவையின் இனப்பெருக்கக் காலமும் ஏறத்தாழ அப்போதுதான் தொடங்குகிறது. கூட்டமும் அப்போதுதான் அதிகம். எங்கே போவதானாலும் மழையோடு காற்றின் திசையையும், மேகம் எத்தனை மணிக்கு மேலேறுகிறது என்பதையும் அங்குள்ள வழிகாட்டிகளிடம் கேட்டறிய வேண்டும்.

பல மலைகளில் விடியலில் வானம் தெளிவாக இருக்கும். நிலம் சூடாகச் சூடாக மேகம் ஏறும். இலங்கையின் ஹார்டன் சமவெளியில் 'உலக முடிவு' விளிம்புக்குக் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் பெரும்பாலும் வெண்திரையைத்தான் பார்க்கிறார்கள். ஈக்வடாரின் மின்டோ பக்கம் செந்நிறப் பாறைச்சேவல்கள் கூடி ஆடுவது விடியும் வேளையில். அடிவாரத்து நகரத்தில் தங்கிக்கொண்டு காலையில் காரில் ஏறி வருகிறவருக்கு இந்த நேரம் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். காட்டுப் பட்டைக்குள்ளேயே, அல்லது நடந்துபோகும் தூரத்திலாவது தங்குங்கள். ஒரே இடத்தில் குறைந்தது மூன்று இரவுகள். நான்கு நாளில் நான்கு காடு என்பது பயணத் திட்டமே அல்ல. இங்கே பறவைகள் பல இனமும் கலந்த கூட்டமாகத் திரியும். அரைமணி நேரம் ஓர் அசைவும் இருக்காது. பிறகு சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து இனங்கள் தலைக்குமேல் கடந்துவிடும். அவசரமாக நடப்பவர் கண்ணில் இது படவே படாது. நாள் கூடுதலாக இருந்தால் ஊரை மாற்றாமல் உயரத்தை மாற்றிப் பாருங்கள். 500 மீட்டர் மேலே போனாலே செடிகளும் பறவைகளும் கணிசமாக மாறிவிடும்.

அடுத்து உடை. வெப்பமண்டலம் என்ற சொல்லை நம்பிப் பருத்திச் சட்டைகளோடு போகிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும்; ஈரமும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிராக உறைக்கும். நனைந்த பருத்தி அந்தக் காற்றில் நாள் முழுக்கத் தொங்கவிட்டாலும் காயாது. உடலை ஒட்டி ஒரு செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி ஆடை, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் பஞ்சுபோன்ற செயற்கை இழைக் குளிராடை, அதற்கும் மேல் மழைச்சட்டை போதும். விலை உயர்ந்த 'சுவாசிக்கும்' மழைச்சட்டையிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: வியர்வையின் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தொடும் இடத்தில் அது மிக மெதுவாகவே நடக்கும். நின்று நின்று பார்க்கும் நடைக்கு நல்ல குடை அதைவிட உதவும்; கேமராவும் நனையாது. காலுக்குத் தோல் பூட்ஸைவிட முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் மேல். தோல் ஒருமுறை ஊறினால் பயணம் முடியும்வரை ஈரம்தான். ஒரு செட் உடையும் ஒரு ஜோடி காலுறையும் காற்றுப் புகாத பையில் போட்டு, தூங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். வெளியே எவ்வளவு கொட்டினாலும் அவற்றைத் தொடக்கூடாது.

பைனாகுலர் வாங்குபவர்கள் 10x42ஐத்தான் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்) கேட்கிறார்கள். இந்தக் காட்டுக்கு 8x42 பொருத்தம். மேகத்துக்கு அடியில் பகலிலும் வெளிச்சம் குறைவு. 8x42இல் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மில்லிமீட்டர், 10x42இல் 4.2தான். கை நடுக்கமும் எட்டு மடங்கில் குறைவாகத் தெரியும். நைட்ரஜன் நிரப்பிய, நீர்புகாத வகையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் லென்ஸின் உட்புறம் பனிக்கும், அங்கே துடைக்க வழியே கிடையாது. குளிர்ந்த கருவியை ஆள்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தாலும் பனிக்கும். பைக்குள் மூடியபடியே அரைமணி நேரம் விடுங்கள். இரவில் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறிய ஜெல் ஈரத்தை இழுக்காது. சூடாக்கி உலர்த்திய பிறகுதான் மீண்டும் பயன்படும். படமெடுக்கும்போது கேமரா வெண்மேகத்தைச் சாம்பலாக்கிப் பறவையைக் கரும்புள்ளியாக்கிவிடும். கேமராவின் எக்ஸ்போஷர் (ஒளியளவு) திருத்தத்தை +1 அல்லது அதற்குச் சற்று மேல் ஏற்றுங்கள்.

ஆசியக் காடுகளில் அட்டை உண்டு. நெருக்கமாக நெய்த நீள அட்டைக் காலுறை போதும்; ஒட்டிக்கொண்டால் நகத்தை ஒட்டுவாய்க்கு அடியில் செலுத்தி விலக்குங்கள், நெருப்பு வேண்டாம். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையா என்று பாருங்கள். சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். நேராக 2,500 மீட்டருக்கு மேல் போய் இறங்கினால் தலைவலி வரலாம், முதல் நாள் மெதுவாக நடங்கள். மலைச்சாலைகளில் மண்சரிவு சகஜம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய ஒரு முழுநாளைக் காலியாக வையுங்கள். இருட்டிய பின் மேகத்துக்குள் வண்டி ஓட்டாதீர்கள்.

பயணக் கட்டுரைகளில் அநேகமாக எழுதப்படாத ஒன்று பூட்ஸைக் கழுவுவது. கைட்ரிட் என்னும் பூஞ்சை பல கண்டங்களில் தவளை இனங்களை அழித்திருக்கிறது. ஈர மண்ணோடு ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு அது காலணியில் ஏறிப் போகலாம். மான்டெவெர்டேயில் மட்டுமே வாழ்ந்த பொன்தேரை 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அதன் அழிவுக்கு இந்தப் பூஞ்சையும் வறண்ட பருவங்களும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கிளம்புவதற்கு முன்பும், ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு முன்பும் பூட்ஸ் அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைத் தூரிகையால் முழுக்க எடுத்துவிட்டுக் கழுவி, 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, நன்றாகக் காயவிட வேண்டும். மண் இருக்கும்போதே மருந்து தெளித்தால் அது உள்ளே போகாது. ஊன்றுகோலின் முனை, முக்காலியின் கால், பையின் அடிப்புறம் இவற்றையும் விட்டுவிடக் கூடாது. தவளையைக் கையில் எடுக்காதீர்கள். பிடிமானத்துக்காகக் கிளைப் பாசியைப் பற்றாதீர்கள்; ஒருமுறை உரிந்தால் திரும்ப மூட பல ஆண்டுகள் ஆகும்.

மேகக்காட்டுப் பயணம் பற்றி இனி எந்தக் கட்டுரை வெளியிட்டாலும் மேகம் சூழ்ந்த படம் ஒன்றையும், பூட்ஸ் கழுவும் முறையைப் பெட்டிச் செய்தியாகவும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைக்காடுகளில் அக்கறையுள்ள வாசகர்