பாடசாலைக் கட்டடத்தின் பைல் ஒட்டுகளைச் சோதிக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

அனுப்புநர்:
வெல்டிங் தொழிலாளி, மாணவி ஒருவரின் தந்தை,
திருகோணமலை.

விடயம்: அத்திவாரத்துக்கு அடிக்கப்படும் இரும்புக் குழாய் பைல்களின் வெல்டிங் ஒட்டுகள்

மதிப்புக்குரிய ஐயா,

என் மகள் படிக்கும் பாடசாலையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. கடலோர மணலும் அடியில் சேறுமான நிலம். அதனால் அடி மூடிய இரும்புக் குழாய்களை ஹமரால் அடித்து இறக்கி, உள்ளே கொங்கிறீட் நிரப்பி, அதன் மேல்தான் தூண் எழுப்பப் போகிறார்கள். அது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. குழாய்கள் 6 மீட்டர் துண்டுகளாக வருகின்றன. ஒன்று இறங்கியதும் அதன் தலையில் அடுத்ததை நிமிர்த்தி வைத்து ஒட்டி, மறுபடி அடிக்கிறார்கள். அந்த ஒட்டைப் பற்றித்தான் இந்த மனு.

போன மாதம் ஒரு பின்னேரம் மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு பைலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் குழாய் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்க, மறுபக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒட்டிய பொடியன் கீழே கிடந்த 10 மி.மீ. கம்பித் துண்டொன்றை எடுத்து வளைத்து அந்த இடைவெளிக்குள் செருகினான். மேலால் இரண்டு ஓட்டம், அதாவது இரண்டு வரி வெல்டிங், ஓட்டி, அதன்மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டான். பார்வைக்கு மீன் செதில் அடுக்கினது போல அழகான ஒட்டு. ஆனால் உள்ளே கம்பி சும்மா செருகிக் கிடக்கிறது, குழாயோடு குழாய் உருகிச் சேரவே இல்லை. வெல்டிங் குச்சிகள் இருக்கும் ரொட் பெட்டி பலகையில் திறந்தபடி நனைந்துகொண்டிருந்தது. ஒட்டு ஆறுவதற்குள் ஹமர் விழத் தொடங்கிவிட்டது.

27 வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு பைல் ஒட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். மேல் குழாயின் விளிம்பை 45 பாகை சரிவாகச் சீவ வேண்டும். உள்ளே ஓர் இரும்பு வளையம் வைத்து, சுற்றிவர ஒரே அளவாக, கிட்டத்தட்ட கால் அங்குலம் இடைவெளி விட்டு, நீர்மட்டம் பிடித்து நேராக நிறுத்த வேண்டும். அடி ஓட்டம் அந்த வளையத்தோடு உருகிச் சேர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கசடைச் சுத்தமாக எடுத்த பிறகே அடுத்தது. இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கமாக நின்று ஒட்டினால் குழாய் ஒரு பக்கம் இழுபடாது. அப்புறம் அது ஆறும் வரை ஹமரைத் தொடக்கூடாது.

ரொட் விடயமும் சின்ன விடயம் இல்லை. இதற்குப் பாவிக்கும் 7018 என்ற வகை ரொட்டைத் திறந்து வெளியில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒட்டுக்குள் தங்கி, ஒட்டி முடித்துப் பல மணித்தியாலம் கழித்துக்கூட வெடிப்பைக் கொண்டுவரும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல், சாதாரண 7018 ரொட்டை 4 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்கிறது. திறந்த ரொட்டை 120 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். நம்முடைய கடற்காற்றில், அதுவும் மாரி மழை தொடங்கும் நேரத்தில், இது இன்னும் அவசியம்.

ஹமரின் ஒவ்வொரு அடியும் குழாய் முழுக்க அதிர்வாக ஓடும். சேற்றில் இறங்கும்போது அந்த அதிர்வு ஒட்டை இழுக்கவும் செய்யும். அரைகுறை ஒட்டு அங்கேயே பிரியலாம், மேலே நிற்பவருக்குத் தெரியாது. பிறகு பெருங்காற்று கட்டடத்தைத் தள்ளும்போது பைல் வளையப் பார்க்கும், அந்த இழுவையையும் ஒட்டுத்தான் தாங்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் நமது மாவட்டக் கரையில்தான் ஏறியது.

அந்தப் பொடியன்களைப் பிடித்துக் கொடுப்பது என் நோக்கம் இல்லை ஐயா. வாசல் கேட், ஜன்னல் கிறில் ஒட்டிப் பழகிய கைகள் அவை. நிமிர்ந்து நிற்கும் குழாயைச் சுற்றிக் கிடையாக ஒட்டுவது வேறு வேலை, அதை அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. ஒட்டுக்கு இவ்வளவு என்று காசு பேசினால் யாரும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே, சோதனை முடியும் வரை பைல் அடிப்பதை நிறுத்தி வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி ஒட்டுபவர்கள் அதே நிலையில் நிறுத்திய குழாயில் மாதிரி ஒட்டு ஒட்டி, அதை வெட்டி வளைத்துப் பார்த்ததில் தேறியவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒட்டும் மண்ணுக்குள் போகுமுன் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்கப்பட வேண்டும். சிவப்புச் சாயம் பூசிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, அது மேற்பரப்பு வெடிப்பைத்தான் காட்டும். எந்தப் பைலில் எந்த ஆழத்தில் யார் ஒட்டினார் என்று எழுதி வைத்து, பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும்.

ஏற்கனவே அடித்து முடித்தவற்றுக்குள் இன்னும் கொங்கிறீட் ஊற்றவில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். இப்போதே ஒரு விளக்கையோ கமராவையோ உள்ளே இறக்கிப் பார்த்தால், ஒட்டு பிரிந்து தண்ணீர் உள்ளே வந்திருக்கிறதா, குழாய் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சந்தேகமானவற்றுக்குச் சுமைச் சோதனை செய்யலாம். கொங்கிறீட் ஊற்றிவிட்டால் உள்ளே பார்க்கும் வழி அடைபட்டுவிடும்.

தங்கள் பொறியியலாளர் வரும் நாளைச் சொல்லி அனுப்பினால் நானும் வருகிறேன். கம்பி செருகிய பைல் வேலியோரம், வேப்பமரத்துக்கு நேரே, மூலையிலிருந்து மூன்றாவது. அதை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)