மண்டபத்திலிருந்து மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கு. சுருட்டு மாமா வல்லத்தை வித்துட்டாரு. வாங்குனது யாருன்னு தெரிஞ்சா நீ அந்தமான் ஹேவ்லாக்லருந்து அடுத்த கப்பல்லயே கிளம்பிருவ, அதனால நேர்ல சொல்றேன். வாடைக்காத்து அடங்கிருச்சு, தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், தெளிஞ்சு கிடக்கு. கச்சான் காத்து எழும்புறதுக்குள்ள தீவுப்பக்கம் பவளப்பாறைக் கணக்கெடுப்பை முடிச்சாகணும்னு தினமும் விடியுறதுக்கு முன்னாடியே படகு ஏறிடறோம்.

எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் வேற. மனோலித் தீவுக்கு வெளிய, 12 மீட்டர் ஆழத்துல, நம்ம ஓலைக்குடாத் தம்பி பவளம் எண்ண வைக்கற சதுரக் கட்டத்தைப் பாறைமேல பிடிச்சுக்கிட்டு இருந்தான். நீவாடு, அதான் நீரோட்டம், இழுத்ததுல சாஞ்சான். பக்கத்துல தொங்குன ஆக்டோபஸ், அடுத்தவனுக்குக் குடுக்க வச்சிருக்கற ரெண்டாவது வாய்வால்வு, மணல்ல உரசி, பொடிமணல் அதோட பர்ஜ் மூடிக்குள்ள, காத்தைத் திறந்துவிட அமுக்கற மூடிக்குள்ள, போய் அடைச்சிருச்சு. காத்து கொட்ட ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், காத்தளவு காட்டுற கேஜ் முள்ளு கண்ணு முன்னாடி இறங்குது. என்னைப் பார்த்துக் காத்து இல்லைன்னு கழுத்தை அறுக்குற மாதிரி கையைக் காட்டினான். நான் என் வாயில இருந்ததையே எடுத்து அவன்கிட்ட நீட்டிட்டு, கழுத்து ரப்பர்ல கிடந்த என் ஸ்பேரைக் கவ்விக்கிட்டேன். அவன் ரெண்டு மூச்சு இழுத்ததும் அவன் சிலிண்டரை மூடுனேன். 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு, பதட்டமில்லாம மேல வந்தோம்.

அவனுக்கு நீட்டினது மாட்டியிருக்கற அந்த ரெண்டு மீட்டர் ஹோஸைத்தானே நீ “பரமசிவன் கழுத்துப் பாம்பு”ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? புளோரிடாவுல குகைக்குள்ள முங்குறவங்க கண்டுபிடிச்ச ஏற்பாடு, பாறையும் மணலும் மட்டும் இருக்கற இடத்துல எதுக்குன்னு கேட்ட. இதுக்குத்தான் மாப்ள. காத்து தீர்ந்து வர்றவன் உன் இடுப்புல எதையும் தேடமாட்டான், உன் வாயில இருக்கறதைத்தான் பிடுங்குவான். அது வேலை செய்யுதுன்னு அவனுக்கு நிச்சயமாத் தெரியும். நம்ம ஆளுங்க நல்ல செகண்ட் ஸ்டேஜை, வாயில கவ்வுற வால்வை, தனக்கு வச்சுக்கிட்டு, மலிவான ஒண்ணை இறுக்கமா ட்யூன் பண்ணி மஞ்சள் ஹோஸ்ல மாட்டி விடறாங்க. மூச்சு முட்டிக்கிட்டு வர்றவனுக்கு அந்த இறுக்கமான வால்வையா குடுக்கறது? எனக்கு இதுல கோவமே வருது. ரெண்டும் ஒரே தரத்துல இருக்கணும், ஒரே மாடலா இருந்தா இன்னும் நல்லது. ஸ்பேர் ஒரே டப்பாவுல இருக்கும்.

அதுலருந்துதான் எந்த மாடல் செகண்ட் ஸ்டேஜ் வாங்கறதுன்னு யோசனை ஓட ஆரம்பிச்சது. உன் கட்சி எனக்குத் தெரியும்: பாலன்ஸ்டு (ஹோஸ் அழுத்தம் மாறினாலும் மூச்சு இழுக்கற இறுக்கம் மாறாதது), இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுற குமிழ் வச்சது, மெட்டல். ஸ்கூபாப்ரோ ஜி260, அபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50 ரெண்டையும் இங்க வந்த ஆய்வுக்காரங்ககிட்ட வாங்கி நல்லாவே முங்கிப் பார்த்தேன். ரெண்டுலயும் காத்து அருமையா வருது, மறுக்கல. எக்ஸ்டிஎக்ஸ்ல ஹோஸை இடப்பக்கமா மாத்திக்கலாம், விட்ட மூச்சுக் குமிழியை ரெண்டு பக்கமும் தள்ளுற எக்ஸாஸ்ட் டீயும் பெருசு சின்னதுன்னு மாத்தலாம். நாள் முழுக்கக் கீழ குனிஞ்சு பவளத்தை எண்ணுற எனக்குப் பெரிய டீதான் வசதி. சின்னதுல குமிழி கண்ணாடி முன்னாடியே ஏறுது.

ஆனா இதைக் கேளு. ஐரோப்பாக்காரன் ரெகுலேட்டருக்கு வைக்கற ஈ.என். 250 சோதனையை 50 மீட்டர்ல, நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் மூச்சுல வைக்கிறான். மூச்சுவேலை, அதாவது மூச்சு இழுத்து விட ஆகற உழைப்பு, லிட்டருக்கு 3 ஜூலைத் தாண்டக்கூடாதுங்கறான். அந்த ஆழத்துல காத்து ஆறு மடங்கு கெட்டி, அங்க நல்ல வால்வோட அருமை தெரியும். உன் பக்கம் 30 மீட்டர் அன்றாடம். எனக்கு 12 மீட்டர்ல 2.2 பார், வடகடல், பாக் நீரிணைப் பக்கம், போனா அதுவும் கிடையாது. சிலிண்டர் தலையில மாட்டுற என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பாலன்ஸ்டு, சிலிண்டர் 200 பார்ல இருந்தாலும் 50 பார்ல இருந்தாலும் ஹோஸ்ல வர்ற அழுத்தம் ஏறத்தாழ ஒண்ணுதான். அப்புறம் செகண்ட் ஸ்டேஜும் பாலன்ஸ்டா இருந்து இங்க எவ்வளவு கூடுதலா தந்துரப் போகுது? ஸ்கூபாப்ரோவோட ஆர்195 மாதிரி பாலன்ஸ் இல்லாத சாதாரண வால்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு லீவர், ஒரு சீட். அதோட முங்கினப்ப எனக்கு வித்தியாசம் பிடிபடல. நம்ம தண்ணி வெதுவெதுன்னு கிடக்கு, உறைஞ்சு போற பயமும் கிடையாது.

இதைவிட முக்கியம், இங்க கழுவத் தண்ணி இல்ல. உனக்குத் தெரியாததா? குழாய்ல வர்றதே உப்பு, நல்ல தண்ணி குடக்கணக்குல விலைக்கு வாங்குறோம். ரெகுலேட்டரை ஊறப்போட ஒரு குடம் போனா, குடிக்கறதுக்கு ஒரு குடம் குறையும். குமிழ், அதுக்கு ஒரு ஓ-ரிங், பாலன்ஸ் அறைக்கு ஒரு ஓ-ரிங், எல்லாத்துலயும் உப்பு பூத்துப் பிடிச்சுக்குது. சர்வீஸுக்குச் சென்னைக்கு அனுப்புனா எப்ப திரும்பும்னு சொல்லமுடியாது. முன்மூடியைக் கழட்டி, ரப்பர் டயாஃப்ரத்தை எடுத்து, உள்ள இருக்கற மணலைப் படகுலயே கழுவக்கூடிய ஒண்ணுதான் இந்தக் கரைக்குச் சரி. நீ ஆசைப்பட்டுக்கிட்டே இருந்தியே அந்த சுவீடன் பொசைடன் ரெகுலேட்டர், பக்கவாட்டுல காத்து விடற மாதிரி செஞ்சது, அந்த யோசனை எனக்கும் பிடிக்கும். எப்படிக் கவ்வினாலும் மேல்கீழ் கிடையாது. ஆனா அதைப் பிரிச்சுப் பூட்ட இங்க யாரு இருக்கா?

மெட்டல் விஷயத்துல பாதி உன் பக்கம் வர்றேன். விடற மூச்சோட ஈரம் மெட்டல்ல படிஞ்சு, உள்ள வர்ற வறண்ட காத்தை நனைக்குது. தொண்டை காயறதில்ல. ஆனா சின்னப்பாலத்துத் தங்கச்சி இப்ப எங்க குழுவுல முங்குறா, உங்கிட்ட சொன்னேனா? அவ அம்மா குருசடைப் பக்கம் பாசி எடுக்கறவங்க. அந்தக் கடலை இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. முழு மெட்டல் ஒண்ணை அவளுக்குக் குடுத்தாங்க. முதல் முங்கு முடிஞ்சு மேல வந்தவ தாடையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தா. ஒரு வார்த்தை சொல்லல. இனி கூப்பிடாம விட்டுருவாங்களோன்னு பயம். லேசான பிளாஸ்டிக் உடம்பும் சின்ன மவுத்பீஸும் மாத்துனதும் பிள்ளை எங்களையெல்லாம் விடக் குறைஞ்ச காத்துல முடிச்சுட்டு வர்றா. வாய்க்கு ஏத்தது முதல்ல, மத்ததெல்லாம் பிறகு.

இன்னொண்ணு. கம்ப்ரஸர் ஹோஸை நேரா வாயில கவ்விக்கிட்டுச் சங்கு குளிக்கப் போறவங்க இன்னும் இருக்காங்க. வால்வும் கிடையாது, கேஜும் கிடையாது. இன்ஜின் புகை உள்ள வந்தாலும் தெரியாது. கீழக்கரைப் பெரியவங்க மூச்சைப் பிடிச்சு முங்கினாங்க. மூச்சு முட்டினா மேல வந்துதான் ஆகணும், அதுவே ஒரு கட்டுப்பாடு. இவங்க மணிக்கணக்கா கீழ கிடந்துட்டு நடுவுல நிக்காம ஒரேயடியா மேல வர்றாங்க, அப்புறம் கால் வரலைங்கறாங்க. நாம ஜி260யா ஆர்195ஆன்னு பேசிக்கிட்டு இருக்கறப்பவே ஒரு பையன் அப்படி இறங்குறான். எங்க படகு கேப்டனும் நானும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குனதும், ஏப்ரல் 15க்கு அப்புறம் விசைப்படகெல்லாம் கரையில நிக்கறப்ப, அவங்களைக் கூட்டி வச்சுப் பேசலாம்னு இருக்கோம். நீ வந்து நின்னாக் கேட்பாங்க. உங்க அப்பா பேருக்கு இன்னும் அங்க மதிப்பு இருக்கு.

ஆர்195 ரெண்டு வாங்குறதா முடிவு. நீ எதிர்த்து எழுதுவன்னு தெரியும், காரணத்தோட எழுது. உங்க கடையில சின்ன சைஸ் சிலிகான் மவுத்பீஸ் இருந்தா நாலு, எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டு, சித்திரைக்கு ஊருக்கு வர்ற ஆள் யார் கையிலயாவது குடுத்துவிடு. பணம் அப்பவே தந்துடறேன். தங்கச்சிக்குப் பிங்க் நிறம் வேண்டாமாம், கறுப்புதான் வேணுமாம்.

அன்புடன்,
உன் மாப்ள