ஹாரன் சத்தமும் நம் நடையும்

அன்புள்ள முருகேசன்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்ததும், உன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டாவது கார் வாங்கியதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. சென்னைக்காரர்கள் ஏன் யாரோ துரத்துவதுபோல் நடக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அவசரம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம்தான். ஆனால், இங்கே நம்மைத் துரத்துவதில் பெரும்பங்கு சத்தத்துக்கு உண்டு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

ரங்கநாதன் தெருவில் கடைவாசல்களில் பதிவு செய்த கூவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்க, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே எவரும் நிற்பதில்லை. அங்கிருந்து உஸ்மான் சாலைக்கு வந்தால் ஹாரன். சென்ற வாரம் ஒரு பெண்மணி துணிக்கடைப் பையும் கையில் ஒரு சிறுவனுமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பேருந்து ஹாரன் அடித்ததும் அவருடைய தோள்கள் உயர்ந்தன, தலை உள்வாங்கியது, பையனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி முன்வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் நடந்து போய்விடுவார் என்று கணக்குப் போட்டு அவருக்குப் பின்புறமாக வளைந்த ஒரு பைக், அவர் கால் வைத்த அதே இடத்துக்கு வந்து நூலிழையில் தப்பியது.

அவர் யோசித்துப் பின்வாங்கவில்லை. திடீர்ச் சத்தத்துக்குக் கண் இமைப்பதும் கழுத்து சுருங்குவதும் மூளைத்தண்டின் வேலை. இமை மூடத் தொடங்குவதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. இளைஞர்கள் அடுத்த அடியில் சுதாரித்துக்கொள்வார்கள். முழங்கால் வலியோடு நடக்கும் நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஓர் உலுக்கலே நிலைதடுமாறப் போதும். அதிலும் மேம்பாலத்தின் கீழ் சத்தம் தூண்களில் மோதித் திரும்புவதால், வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் காது சொல்வதற்குள் கால் ஏதோ ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறது.

செக் நாட்டில் மாரெக் ஃப்ரானெக் என்ற ஆய்வாளரின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்ஃபோனில் போக்குவரத்து இரைச்சலைக் கேட்டபடி நடந்தவர்கள், காட்டுப் பறவைகளின் ஒலியைக் கேட்டபடி அதே வழியில் நடந்தவர்களைவிட வேகமாகப் போனார்கள். என்னை அதைவிட வருத்தியது 1975இல் அமெரிக்காவில் மேத்யூஸ், கேனன் இருவரும் வெளியிட்ட ஆய்வு. கையில் மாவுக்கட்டுடன் ஒருவர் புத்தகங்களைக் கீழே போடுகிறார். அமைதியான நேரத்தில் 80 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரம் இரைந்தபோது 15 சதவீதம் பேரே நின்றார்கள். நம் ஊர்க்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று திட்டும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வருகின்றன.

2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். உஸ்மான் சாலையில் விறைத்துக்கொண்டு நடந்த அதே குடும்பங்கள் அங்கே பேசிக்கொண்டு, கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். சத்தம் அங்கேயும் உண்டு. ஆனால் அது முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க 2000ஆம் ஆண்டின் விதிகளே வழிசெய்தும், பலகைக்கு நேர் எதிரிலேயே ஹாரன் அடிக்கிறார்கள். சில சிக்னல்களில் சோதித்துப் பார்த்த ஓர் ஏற்பாட்டை 2020இல் மும்பைக் காவல்துறை அறிவித்தது: ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடித்தவருக்குத் தண்டனை, கடப்பவருக்குக் கூடுதல் நேரம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

ஆனால் உன்னிடம் வருபவர்களுக்கு சிக்னலுக்கு முன்பே நீ இருக்கிறாய். ஸ்டீயரிங்கைத் தொடவிடும் முன், பாளையங்கோட்டையில் நெரிசலான ஒரு சந்திப்பை அவர்கள் நடந்து கடக்கும்படி ஒரு பாடம் வைக்க முடியுமா? உன் பள்ளிக்கு இது சரிப்படுமா என்று அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்